எப்படி இயங்குகிறது? உக்கிராண அறையும் ஓ.டி.பி.யும்

கல்யாண மண்டபத்தில் அடுப்படியைவிடக் கெடுபிடியான இடம் உக்கிராண அறை. முந்திரி, நெய், ஏலக்காய் எல்லாம் அங்கேதான். வாசலில் நாற்காலி போட்டு, இடுப்பில் சாவியோடு பெரியப்பா ஒருவர் உட்கார்ந்திருப்பார். "மாஸ்டர் ரெண்டு கிலோ முந்திரி வாங்கிட்டு வரச் சொன்னார்" என்று ஒரு பையன் வந்து நின்றால் உடனே அள்ளிக் கொடுத்துவிட மாட்டார். அத்தனை பேர் நடமாடும் இடத்தில் எல்லா முகமும் அவருக்குத் தெரியாது. அதனால் வரிசையாகக் கேள்வி கேட்பார். வங்கியின் சர்வரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறது. எந்தக் கேள்வியில் நாம் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

குறிச்சொல் என்ன?

இது பாஸ்வேர்டு. முறையாக நடக்கும் வங்கி அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாது. ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு அரைத்து, விழுதை மட்டும் வைத்திருக்கும். நாம் தட்டுவதையும் அதேபோல் அரைத்து, இரண்டு விழுதும் ஒன்றுதானா என்று பார்க்கும். விழுதிலிருந்து தேங்காயைத் திரும்ப எடுக்க முடியாது. மறந்துபோன பாஸ்வேர்டைச் சொல்லாமல் புதிதாக வைக்கச் சொல்வது இதனால்தான். சில முறை தவறினால் கதவு பூட்டிக்கொள்ளும். இரண்டு முறை தப்பினால் மூன்றாவது ஊகம் வேண்டாம். 'ஃபர்காட் பாஸ்வேர்டு' பக்கம் போய்விடுங்கள்.

சீட்டு எங்கே?

குறிச்சொல்லை யாரும் ஒட்டுக்கேட்டிருக்கலாம். எனவே பெரியப்பா ஒரு சீட்டெழுதி, வேறு ஆள் மூலம் மாஸ்டர் கைக்கே அனுப்புவார். பையன் அதை வாங்கிவந்து காட்ட வேண்டும். இதுதான் ஓ.டி.பி. இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட இப்படியொரு கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது.

நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஓ.டி.பி. வரத் தாமதமானதும் 'ரீசெண்ட்'டை மூன்று முறை அமுக்குவோம். மூன்றும் மொத்தமாக வந்து விழும். முதலில் கண்ணில் பட்டதைத் தட்டினால் செல்லாது என்று வரும். பெரும்பாலும் புதுச் சீட்டு எழுதியதுமே பழையது ரத்து. கடைசியாக வந்ததைத் தட்டுங்கள்.

தொலைந்த சிம்முக்குப் பதிலாக அதே எண்ணில் புதிது வாங்கினால், முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. இது தொலைத்தொடர்புத் துறை 2022-ல் போட்ட உத்தரவு. நம் எண்ணுக்கு வேறு எவனாவது டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தால், நம் போனில் சிக்னல் செத்ததைப் பார்த்துப் புகார் செய்ய நமக்கு அவகாசம் வேண்டுமே!

யு.பி.ஐ. செயலி சிம்மையும் போனையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. பதிவு செய்யும்போது நம் போனிலிருந்தே ஓர் எஸ்.எம்.எஸ். கிளம்புவது அதற்காகத்தான். இரட்டை சிம் போனில் வங்கியில் கொடுக்காத எண்ணைத் தேர்ந்தெடுத்தாலோ, எஸ்.எம்.எஸ். அனுப்பப் பேலன்ஸ் இல்லாவிட்டாலோ பதிவு அங்கேயே நின்றுவிடும்.

இது வழக்கமா?

குறிச்சொல் சரி, சீட்டும் சரி. ஆனால் நடுராத்திரியில் இருபது கிலோ முந்திரி கேட்டால்? பெரியப்பா கதவைச் சாத்திவிட்டு மாஸ்டரைக் கூப்பிடுவார். புதுப் போன், வெளிநாட்டிலிருந்து இணைப்பு, இப்போதுதான் சேர்த்த கணக்குக்குப் பெருந்தொகை என்று சேர்ந்துகொண்டே போனால் வங்கியின் கண்காணிப்பு மென்பொருளும் அப்படித்தான் நிறுத்தும். வி.பி.என். போட்டிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

எல்லாம் பொருந்தியும் பணம் போகவில்லையா? கே.ஒய்.சி. என்கிற நம் அடையாள விவரப் பதிவு காலாவதியாகியிருக்கலாம். வங்கி நமக்குக் கணித்திருக்கும் அபாய அளவைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நாமாக 2 ஆண்டுக்கு மேல் வரவு செலவு செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்த இடத்தில் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, காகிதம்தான் பேசும்.

கதவு மூடியிருக்கும் நேரம்

மோசடிக்காரனுக்குத் தோதான நேரம் நாம் இப்படித் தவிக்கிற நேரம். பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடினால் அவன் போட்டுவைத்த எண் கிடைக்கலாம். கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் உள்ள எண்ணையே அழையுங்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரி '.பேங்க்.இன்' என்று முடிய வேண்டும். அதற்கு ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2025 அக்டோபர் 31. சீட்டைப் பெரியப்பா வாங்கிப் பார்ப்பது உக்கிராண வாசலில்தான். பந்திக்கு வந்து கேட்பவன் அவருடைய ஆள் இல்லை.

பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிப்படி, தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். அதற்குப் பிறகு போவது வங்கியின் தலையில். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பவர்தான் கூடுதலாக இழக்கிறார்.