தலை மேல படகு... வாலில் வீடு!

"டேய், நீ மெக்கானிக்கல்தானே? ஒரு கணக்கு போட்டுச் சொல்லு!"

ராத்திரி பதினொண்ணரை மணிக்கு வாட்ஸ்அப்பில் அண்ணன் குரல். பெரியப்பா பையன், அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கார். நமக்கோ மறுநாள் இன்டர்னல்ஸ். போதாக்குறைக்கு, என்னைக் கவுத்துவிட்ட இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் இன்னும் அரியரா நிக்குது. அதையெல்லாம் அவர்கிட்ட சொல்ல முடியுமா? "சொல்லுங்கண்ணே"ன்னேன் கெத்தா.

மேட்டர் இதுதான். அண்ணன்கிட்ட ஒரு பிக்கப் டிரக் இருக்கு. அதுக்குப் பின்னால் ஒரு கேம்பர். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வெச்சு, சக்கரம் பூட்டின குட்டி வீடு. அதை இழுத்துக்கிட்டு, அண்ணி, ரெண்டு வாண்டுகளோட மிச்சிகனின் வடக்கு முனையில், லேக் சுப்பீரியர் ஓரத்தில் இருக்கிற முனிசிங் ஊருக்குப் போகணும். பக்கத்துல சின்னச் சின்ன ஏரிகள் நிறைய. அதுல துடுப்பு போட புதுசா ரெண்டு கயாக் வாங்கிட்டார். ஒல்லிப் படகு; ஒண்ணு 12 அடி நீளம், 25 கிலோ. "இதை எங்கேடா வைக்கிறது?"

"டிரக் தொட்டியில் போட்டுடுங்க. இதுக்கா போன்?"

தொட்டி நீளம் அஞ்சரை அடியாம். மிச்சம் ஆறரை அடி பின்னால நீட்டும். வெறும் டிரக்கா இருந்தா சிவப்புத் துணி கட்டிட்டுக் கிளம்பிடலாம். இங்கேதான் பின்னாலயே கேம்பர் வருதே! நேர் ரோட்லயே அதோட மூஞ்சியில் இடிக்கும். திரும்பும்போது கேம்பரின் முன் மூலை டிரக் பக்கமா இன்னும் நெருங்கும். படகு உடையும், இல்லாட்டி வீடு உடையும். கேம்பருக்குள்ள தள்ளிடலாம்னா, கதவு பக்கவாட்டுல இருக்கு. நுழைச்சுத் திருப்ப, கயாக் என்ன பாயா?

அப்போ ஒரே வழி, டிரக்கில் இரும்பு ராக் போட்டு, கேபினுக்கு மேல முன்பக்கமா நீட்டிக் கட்டுறது. சிம்பிள்! அண்ணனும் அதைத்தான் நினைச்சிருந்தார். "என் டிரக் நாலு டன் இழுக்கும்டா, கேம்பர் 2,700 கிலோதான். ரெண்டு கயாக் எல்லாம் தூசு"ன்னார்.

எனக்குத் தூக்கம் போனது இங்கேதான் பாஸ். இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. மாடு வண்டியை இழுக்கும். அதே பாரத்தை முதுகுல வெச்சா படுத்துடும். அங்கே ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் கதவுப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை எடையைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். போய்ப் பார்க்கச் சொன்னேன். 670 கிலோ.

அடுத்து, யாரும் யோசிக்காத ஒண்ணு. கேம்பரோட எடை முழுசும் அதோட சக்கரத்து மேல உட்காராது. ஒரு பங்கு, கொக்கி வழியா டிரக் மேல அழுத்தும். டங் வெயிட்னு பேரு. 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். குறைஞ்சா கேம்பர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சு, டிரக்கையே இழுத்துட்டுப் போய்க் கவுத்துடும். 13 சதவீதம்னு வெச்சாலே 350 கிலோ. அது ஸ்டிக்கர் கணக்குல சேரும்!

மெக்கானிக்ஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல கூட்டினேன். டங் வெயிட் 350. நாலு பேர் 195. கொக்கி செட் 40. கயாக் 50. ராக் 45. இதுவே 680, லிமிட் தாண்டியாச்சு. ஐஸ் பெட்டி, டூல்ஸ், விறகுன்னு இன்னும் 70. மொத்தம் 750. பின் சீட்டுல வாண்டுகளை வெச்சுக்கிட்டு 80 கிலோ ஓவர். நெடுஞ்சாலையில் சடன் பிரேக் போடும்போது டயரும் பிரேக்கும் 'நாலு டன்' விளம்பரத்தைப் பார்க்காது.

"அப்போ கயாக்கை கேம்பர் வாலில் மாட்டிடறேன். டிரக் பாரம் குறையும்ல?" அண்ணன் கேட்டதும் திக்குனு ஆச்சு. ஏன்னா கணக்கு பாஸாகுது! ஸ்டாண்டோட சேர்த்து 70 கிலோ. கேம்பர் சக்கரத்துக்கு 3 மீட்டர் பின்னால. சக்கரத்துலேர்ந்து கொக்கி 5 மீட்டர். சீசா மாதிரி, பின்னால ஏத்தினா முன்னால 42 கிலோ எழும்பும். டங் வெயிட் 308. கேம்பரோட மொத்த எடையில் 11 சதவீதம். லிமிட்டுக்குள்ளதான்.

ஆனா நோட்டுல வராத ரெண்டு விஷயம் இருக்கு. கேம்பரோட பின் பம்பர் பெரும்பாலும் மெல்லிசான வெத்துக் குழாய். கழிவுக் குழாய் சுருட்டி வைக்கிறதுக்குத்தான் லாயக்கு. அப்புறம், எடை கடைசி நுனியில் இருந்தா, ஒரு தடவை ஆட ஆரம்பிச்ச கேம்பரை நிறுத்துறது ரொம்பக் கஷ்டம். தூரத்தோட ஸ்கொயர்ல ஏறும். மொமென்ட் ஆஃப் இனர்ஷியா... ஆமா, நான் கோட்டை விட்ட அதே கேள்வி! "வேணாம்ணே"ன்னேன்.

ராக்கே இருக்கட்டும், எங்கே குறைக்கலாம்? விறகு 30 கிலோவை முதல்ல தூக்கினோம். அதுக்கு வேற காரணமும் உண்டு. எமரால்டு ஆஷ் போரர்ங்கிற பச்சை வண்டு 2002ல் டெட்ராய்ட் பக்கம்தான் கண்டுபிடிச்சாங்க. விறகோட சவாரி பண்ணியே ஊர் ஊராப் பரவி, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் காலி பண்ணிடுச்சு. விறகை எரிக்கிற ஊர்லயே வாங்கணும். ஐஸ் பெட்டி, டூல்ஸ் 40 கிலோ கேம்பருக்குள்ள, சரியா சக்கரத்துக்கு மேல. இப்போ 680. இன்னும் 10 கிலோ இடிக்குது.

மணி ஒண்ணரை. அப்போதான் தோணுச்சு. "அண்ணே, தண்ணி டேங்க் ஃபுல்லா?" ஃபுல்தானாம். 150 லிட்டர், சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால. காலி பண்ணினா டங் வெயிட்ல 30 கிலோ போச்சு! 650. கையிருப்பு 20 கிலோ. டங் வெயிட்டும் 12 சதவீதத்துக்கு மேலயே நிக்குது. தண்ணி முனிசிங்ல பிடிச்சுக்கலாம்.

கட்டுறதுக்கு ராட்செட் ஸ்ட்ராப் வேணாம்னேன். இறுக்குற வேகத்துல பிளாஸ்டிக் படகு நசுங்கும். கேம் பக்கிள் ஸ்ட்ராப் போதும். படகு மூக்குலேர்ந்து டிரக் முன்பக்கத்துக்குத் தனியா ஒரு கயிறு. காத்து படகை மேலே தூக்கப் பார்க்கும்ல?

காத்துன்னதும் எனக்குப் பயம் மேக்கினா பாலம்தான். 1957ல் திறந்த, 8 கிலோமீட்டர் நீளத் தொங்கு பாலம். கிளாஸ்ல வீடியோ போடுவாங்களே, 1940ல் காத்துல முறுக்கிக்கிட்டு விழுந்த டகோமா பாலம்? அந்தப் பாடத்தைப் படிச்சிட்டு டேவிட் ஸ்டைன்மேன் டிசைன் பண்ணினது. உள் லேன்ல தார் ரோடே கிடையாது, இரும்பு வலை! காத்து ஊடால போயிடும். காத்து ரொம்ப அடிச்சா கேம்பர் இழுக்கிற வண்டிகளை எஸ்கார்ட் வெச்சு மணிக்கு 20 மைல்லதான் கூட்டிட்டுப் போவாங்க.

சனிக்கிழமை பாலத்துலேர்ந்து வாய்ஸ் நோட் வந்தது. பின்னணியில் 'உய்ய்ய்'னு ஒரே சங்கு. ஸ்ட்ராப் காத்துல அதிருது. 'இறங்கினதும் ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்க'ன்னு மெசேஜ் போட்டேன். அரை மணி நேரத்துல, 'நின்னுடுச்சுடா!'

ராத்திரி கேம்ப்லேர்ந்து போட்டோ. ஏரி, படகு, வாண்டுகள். ஓரத்துல, அண்ணி பக்கத்துல ஏதோ மூட்டை. ஜூம் பண்ணினேன். 9 கிலோ சோனா மசூரி அரிசி. அதுக்குப் பின்னால குக்கர். அதுக்குப் பின்னால வெட் கிரைண்டர்!

"அண்ணே, இதெல்லாம் எந்த வண்டியில் வந்துச்சு?"

ரெண்டு ப்ளூ டிக். பதில் இன்னும் வரலை.