நாட்டுத் துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வேண்டுமா?

திருவண்ணாமலை வட்டாரத்தில் மானாவாரி நிலக்கடலை காய் பிடிக்கும் தருணத்தில் காட்டுப்பன்றித் தொல்லை மிகுந்துவிடுகிறது. அண்மையில் பயிற்சிக்கு வந்த விவசாயி ஒருவர், தம்மிடம் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி இருப்பதாகவும், அதன்மேல் பொருத்த எந்தத் தொலைநோக்கி நல்லது என்றும் கேட்டார். இந்த ஐயம் பலருக்கும் இருப்பதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடுகிறோம். குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் ரவை விரிந்து சிதறும். ஒற்றைக் குண்டு போட்டாலும் அது சுழலாது. ஆகவே சுமார் 50 மீட்டருக்கு மேல் குறியில் நிலைக்காது. தொலைநோக்கியோ ஒரே புள்ளியைக் காட்டும் கருவி. இரண்டுக்கும் பொருத்தமில்லை. வெளிநாடுகளில் இவ்வகைத் துப்பாக்கிகளில் தொலைநோக்கி பொருத்துவது உண்டு. ஆனால் அவற்றின் குழலுக்குள் முறுக்குக் காடி வெட்டப்பட்டிருக்கும்.

அங்கு எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வோம். 3–9×40 என்று எழுதியிருந்தால் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மி.மீ. விட்டம் என்று பொருள். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 9 மடங்கில் இது ஏறத்தாழ 4.4 மி.மீ. இருட்டில் இளவயதினரின் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும்; வயதாக ஆக இது குறையும். எனவே அந்தி நேரத்தில் மடங்கு கூடக்கூடக் காட்சி மங்கும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 3½ முதல் 4 அங்குல இடைவெளி தேவை. இல்லையேல் துப்பாக்கி பின்னுதைக்கும்போது புருவம் கிழியும். கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் துடைக்கும் வேலையும் கூடும்.

இவ்வளவு செலவு செய்த பிறகும் பன்றியைச் சுடலாமா? கூடாது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் அளிக்க இடம் தருகிறது. அந்த உரிமம் வேட்டைக்கு அனுமதி ஆகாது. இங்குதான் நம் விவசாயிகள் ஏமாறுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 2022இல் திருத்தப்பட்ட அட்டவணைகளில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

ஆகவே பரண்மேல் காவலிருப்பவர் வாங்கவேண்டியது கையில் பிடித்துப் பார்க்கும் இரட்டைக்குழல் தொலைநோக்கி என்பதே என் கருத்து. 7×50 என்றால் 50ஐ 7ஆல் வகுக்க, ஒளிவட்டம் 7 மி.மீ. வருகிறது. நிலவொளியில் இது நன்கு உதவும். துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் வேவு பார்ப்பவர், பார்க்கும் திசையிலெல்லாம் துப்பாக்கியையும் நீட்டுகிறார். புதரில் அசைவது நீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் காட்டுக்காரராகவும் இருக்கலாம். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையின் 14 கி.மீ. முழுவதும் மக்கள் நடப்பதை நாம் அறிவோம்.

பன்றிக் கூட்டம் வரும் தடத்தையும் நேரத்தையும் இவ்வாறு குறித்து வைத்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கவும். சேதமான பயிரை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் காட்டி, இழப்பீட்டு மனுவுடன் இணைக்கவும்.