காலேஜ் வைஃபையில் லேப்டாப்பை இணைக்கப் போறீங்களா? இந்த ஒரு கட்டத்தைக் கவனிங்க!

என்.ஐ.டி., ஜிப்மர் எனக் காரைக்காலுக்குப் படிக்க வரும் வெளியூர் மாணவர்கள் பலர். புது கேம்பஸில் லேப்டாப்பைத் திறந்ததும் முதல் வேலை என்ன? வைஃபைதான்!

வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. பெரிய கேம்பஸ்களில் பெரும்பாலும் ‘டபிள்யூ.பி.ஏ2 என்டர்பிரைஸ்’ முறை. ஆளுக்கொரு யூஸர்நேம், பாஸ்வேர்டு. அதைச் சரிபார்ப்பது ‘ரேடியஸ்’ என்ற சர்வர்.

சிக்கல் இங்கதான். அதே பெயரில் போலி வைஃபையை யார் வேணும்னாலும் வைக்கலாம். ‘நீ யார்?’னு சர்வர் நம்மைக் கேட்பது மாதிரி, நாமும் அதைத் திருப்பிக் கேட்கணும். அதுக்கான பதில்தான் சர்டிஃபிகேட். கேட்காம இணைஞ்சா, உங்க பாஸ்வேர்டு திருட்டுப் போகலாம். பல இடங்களில் மெயிலுக்கும் மார்க் பார்க்கும் தளத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான்!

என்ன செய்யணும்?

* விண்டோஸில் ‘தொடர்ந்து இணைக்கவா?’ என்று கேட்கும்போது, சர்டிஃபிகேட் விவரத்தைத் திறந்து, கல்லூரி ஐ.டி. பிரிவு தந்த விவரத்தோடு ஒப்பிடுங்க.

* உபுண்டுவில் ‘பீப்’ முறையைத் தேர்ந்தெடுத்தால், ‘சி.ஏ. சர்டிஃபிகேட் தேவையில்லை’ என்ற கட்டத்தை டிக் செய்யாதீங்க. கல்லூரி சொல்லும் சர்டிஃபிகேட்டையும் டொமைன் பெயரையும் கொடுங்க. (பல கல்லூரிகளில் இந்த முறைதான். உங்க கல்லூரியில் எதுன்னு கேட்டுக்கோங்க.)

* ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு, பல போன்களில் ‘டோன்ட் வேலிடேட்’ ஆப்ஷனே கிடையாது. பழைய போனில் இருந்தா, அதைத் தொடாதீங்க.

ரெண்டு நிமிஷ வேலைதான். சீனியர் ‘சும்மா ஓகே குடு மச்சான்’னு சொன்னாலும், படிச்சுப் பார்த்துட்டு ஓகே கொடுங்க!