ஷேர் ஆட்டோவில் ஏறுவோர் அறிய வேண்டியது

அடையாறிலும் மயிலாப்பூரிலும் பேருந்துக்காகக் கால்கடுக்க நின்றவர்களுக்கு ஷேர் ஆட்டோவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கை நீட்டினால் நிற்கும். சொன்ன இடத்தில் இறக்கிவிடும். ஆனால் அந்த வசதிதான் சட்டத்திற்குப் புறம்பானது!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வழிநெடுக ஆள் ஏற்றி இறக்கி, ஆளுக்குத் தனிக் கட்டணம் வாங்குவது பேருந்துக்குரிய உரிமம். வண்டி முழுவதையும் ஒருவர் பேசி அமர்த்திக்கொள்வது ஒப்பந்த வண்டி. ஆட்டோக்களும், 2007ல் வந்த டாடா மேஜிக்கும் பெற்றிருப்பது இந்த இரண்டாவது உரிமம். ஓடுவதோ முதல் வகையாக. காவலரைக் கண்டதும் ஓட்டுநர் பதறுவது இதனால்தான். (ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர் இருப்பதும் ஒரு காரணம்.)

2013ல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளை விட்டது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆயினும் தி. நகர்க் கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் பெண்கள், இரவில் முதலில் எது வருகிறதோ அதில்தான் ஏறுகிறார்கள். விபத்து நேர்ந்தால், உரிமத்தை மீறி ஓடிய வண்டி என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை எதிர்த்து வழக்காட முடியும். அவர்களிடம் இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?