தனி வேட்டையும் துணை வேட்டையும்



காட்டிற்குள் ஒருவனாகச் செல்வதா, துணையோடு செல்வதா? மனிதன் வில்லெடுத்து வேட்டைக்குப் புறப்பட்ட நாளிலேயே பிறந்த வினா இது. இன்று நம் நாட்டில் வேட்டையாடுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துள்ளது. ஆயினும் அவ்வினா மறைந்துவிடவில்லை. சென்னைக்குத் தெற்கே, அரசின் அனுமதியோடு, உயிரைக் கொல்வதற்காக அன்றி உயிரைக் காப்பதற்காகவே நடைபெறும் ஒரு வேட்டை உண்டு. அதுதான் இருளர்களின் பாம்பு வேட்டை. அதனைக் கொண்டே இவ்வினாவை ஆராய எண்ணுகிறேன். அதற்குமுன், எங்கள் ஆதம்பாக்கத்தில் நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெய்த பெருமழையைச் சென்னைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் நின்ற நீர் வடிந்த இரண்டாம் நாள் மாலை, அடுத்த வீட்டு மோட்டார் அறைக்குள் ஒரு நல்ல பாம்பு புகுந்துவிட்டது. மின்சாரம் இன்னும் வரவில்லை. என்னிடம் முன்பு பயின்ற கல்லூரி மாணவர் ஒருவர், "யாரும் வரவேண்டாம் சார், நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன்" என்று உள்ளே நுழைந்தார். இடக்கையில் டார்ச் விளக்கு, வலக்கையில் கம்பு. பாம்பைக் கம்பால் ஒதுக்கிய பிறகுதான், சாக்கை விரித்துப் பிடிக்கக் கை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. விளக்கைத் தரையில் வைத்தார். வெளிச்சம் சுவரில் விழுந்தது. பாம்பு இருளில் மறைந்தது. அடுத்த கணம் அதன் சீற்றம் அவருடைய காலருகே கேட்டது. பின்னால் துள்ளி வெளியே வந்து விழுந்தார். நல்லவேளையாகக் கடி படவில்லை.

பிறகு வனத்துறைக்குத் தெரிவித்தோம். இருவர் வந்தனர். ஒருவர் விளக்கைப் பாம்பின்மீதே நிறுத்தி, அது திரும்பும் திசையைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு எதுவும் செய்யவில்லை. மற்றவர் கொக்கியால் அதனைத் தூக்கிப் பைக்குள் இறக்கினார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அந்த மாணவருக்குத் துணிவில் குறைவில்லை, அறிவிலும் குறைவில்லை. செய்யவேண்டிய வேலைகள் மூன்று, அவருக்கு இருந்த கைகள் இரண்டு. அவ்வளவே.

அப்படியாயின் துணையே எப்போதும் சிறந்தது என்று உடனே தீர்ப்பளித்துவிடலாமா? அது முறையன்று. தனிமைக்கும் தக்க காரணங்கள் உண்டு. இயற்கையைப் பாருங்கள். நம் நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் புலியும் வாழ்கிறது, செந்நாயும் வாழ்கிறது. புலி தனித்தே வேட்டையாடுகிறது. புதரில் பதுங்கி, ஓசையின்றி நெருங்கி, ஒரே பாய்ச்சலில் இரையை வீழ்த்துவது அதன் முறை. பதுங்குவதற்கு இன்னொரு புலி உதவாது, இடையூறாகவே முடியும். செந்நாயோ சிறிய விலங்கு; தன்னிலும் பெரிய மானைக் கூட்டமாகத் துரத்திக் களைக்கச் செய்து வீழ்த்துகிறது. ஆகவே தனிமையோ துணையோ தன்னளவில் உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. செய்யும் வேலையின் தன்மையே அதனை முடிவு செய்கிறது.

மனிதரிலும் தனிமையை விரும்பிய பெருவேட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஜிம் கார்பெட் என்னும் பெயரை நீங்கள் அறிவீர்கள். 1907ஆம் ஆண்டில், குமாவூன் மலைப்பகுதியிலுள்ள சம்பாவத்தில், 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி ஒன்றை வேட்டையாட அவரை அழைத்தார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலிக்கு அறிவித்த பரிசுத்தொகையை விலக்கவேண்டும். அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளவேண்டும். பரிசுக்காக வேட்டையாடுபவன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், புதரில் எது அசைந்தாலும் சுட்டுவிடக்கூடிய துப்பாக்கிகளுக்கு நடுவே நடமாட அவர் விரும்பவில்லை. புலியைவிடப் பதற்றமுள்ள மனிதனின் விரல் அஞ்சத்தக்கது என்பது அதன் பொருள்.

ஆனால் அந்த வேட்டையின் முடிவு வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. மறைந்திருந்த புலியை வெளிப்படுத்த ஏறத்தாழ 300 கிராமத்தார் மலைமுகட்டில் நின்று பேரொலி எழுப்பினார்கள். அவர்களைத் திரட்டியவர் அவ்வூர்த் தாசில்தார். கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன, காயமுற்ற புலி இன்னும் எதிரே நின்றது. அப்போது அவர் ஓடிச்சென்று பற்றியது அந்தத் தாசில்தாரின் துப்பாக்கியைத்தான். தனித்து நின்றவர் என்று நாம் போற்றும் வேட்டைக்காரரும் கடைசிக் கணத்தில் ஒரு துணையின் பக்கமே திரும்பினார். அவர் வேண்டாம் என்றது கட்டுப்பாடற்ற கூட்டத்தையே, துணையை அன்று.

இவ்வேறுபாட்டை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். பெரியபுராணத்தில் கண்ணப்பரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். திண்ணனார் முதல் வேட்டைக்குச் சென்றபோது உடன் சென்றவர்கள் பலர். ஆனால் ஒரு பன்றி தப்பி ஓடியபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் நாணன், காடன் என்னும் இருவரே. பன்றி வீழ்ந்தபின் காடன் ஆற்றங்கரையில் தீக்கடைந்து நெருப்பு மூட்ட, நாணன் திண்ணனாரோடு மலையேறினான். பெருங்கூட்டம் பின்தங்கியது, தத்தம் பணியை அறிந்த இருவர் நிலைத்தனர். துணை என்னும் சொல்லின் பொருள் இங்கே விளங்குகிறது.

இனி நான் முதலில் குறிப்பிட்ட இருளர்களைப் பற்றிப் பேசுவோம். செங்கல்பட்டு, திருவள்ளூர் முதலிய மாவட்டங்களில் வாழும் பழங்குடி மக்கள் இவர்கள். முன்னாளில் பாம்புத்தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையாலும் அத்தொழில் நின்றது. பாம்புகள் பிழைத்தன, ஆனால் இம்மக்களின் அடுப்புகள் அணைந்தன. இந்நிலையில் 1978ஆம் ஆண்டில், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் செல்லும் கடலோரச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது.

அங்கே நடைபெறுவது யாது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகை நச்சுப் பாம்புகளை இருளர்கள் உயிரோடு பிடித்து வருகிறார்கள். அவை சுமார் மூன்று வாரம் மண்பானைகளில் வைக்கப்படுகின்றன. அக்காலத்தில் சில முறை நஞ்சு எடுக்கப்பட்டு, பிறகு அவை மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளின் உடலில் செலுத்த, குதிரையின் குருதியில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதனைப் பிரித்தெடுத்தே நச்சு முறிவு மருந்து செய்யப்படுகிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இவ்வேட்டையின் பயன் எத்தகையது என்பதை இந்த எண்ணே உரைக்கும்.

இருளர்கள் பெரும்பாலும் இருவராகவே செல்கிறார்கள். கணவனும் மனைவியுமாகச் செல்வதும் உண்டு. கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. அவர்களுடைய கருவி கண்தான். புழுதியில் வளைந்து செல்லும் தடம், வரப்பில் உரிந்து கிடக்கும் பாம்புச் சட்டை, வளையின் வாயில் மண் வழவழப்பாக இருக்கும் தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு பாம்பு உள்ளே இருக்கிறதா என்பதை ஊகிக்கிறார்கள். பின்னர் ஒருவர் மண்ணைத் தோண்டுகிறார். தோண்டுபவரின் கண் கடப்பாரையின் முனையில் இருக்கவேண்டும். ஆகவே வளையின் மறுவாயைக் காண மற்றொருவரின் கண் வேண்டும். ஒருவர் வாலைப் பற்றித் தூக்கும்போது மற்றவர் பையின் வாயை விரிக்கிறார். வயலில் எலி பிடிக்கும்போதும் இதே முறைதான். எலி வளைக்குப் பல வாய்கள் உண்டு. ஒருவர் வைக்கோல் புகையைப் பானை வழியே ஊதிச் செலுத்த, மற்றவர் ஏனைய வாய்களை அடைக்கிறார். ஒருவரே செய்யப் புகுந்தால், இங்கே ஊதும்போது எலி அங்கே ஓடிவிடும்.

இந்த இருவர் முறை உலகமறிந்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செல்லப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்குள்ள விலங்குகளை அழித்து வந்தன. 2016ஆம் ஆண்டில் அங்கு நடந்த போட்டியில் ஏறத்தாழ 1,000 பேர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தனர். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் நம் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை அழைத்தனர். முதல் எட்டு நாளில் அவ்விருவரும் பல்கலைக்கழகக் குழுவினரும் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் குழிக்குள் கிடந்த 16 அடிப் பெண்பாம்பு. இவ்விரு கணக்குகளையும் அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது; இடமும் நாளும் வேறு, போட்டிக்கு வந்தவர்களுள் பழக்கமில்லாதவர் பலர். எனினும் ஒன்று தெளிவு. ஆயிரம் பேர் இருப்பதற்கும், ஒருவர் குறிப்பை மற்றவர் சொல்லாமலே உணரும் இருவர் இருப்பதற்கும் வேறுபாடு மிகுதி. 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சேர்ந்து உழைத்தவர்கள் சேர்ந்தே பெற்ற பெருமை அது.

இவையெல்லாம் வேலை நன்கு முடிவது பற்றிய காரணங்கள். இவற்றைவிட வலிய காரணம் ஒன்று உண்டு. பாம்பு கடித்துவிட்டால் என்ன செய்வது? கடித்த இடத்தைக் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவர் ஓடவும் கூடாது, நடக்கவும் கூடாது. ஏனெனில் நஞ்சு பெரும்பாலும் நிணநீரின் வழியே பரவுகிறது. தசைகள் அசையும்போது அந்நீர் விரைந்து செல்கிறது. ஆகவே கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் கட்டி, அவரைப் படுக்கவைத்து, நச்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவில் கொண்டுசெல்லவேண்டும்.

இங்கேதான் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மருத்துவம் கூறும் கட்டளைகள் இரண்டு: அசையாதே, விரைந்து மருத்துவமனைக்குப் போ. தனியே காட்டில் நிற்பவன் இவ்விரண்டையும் எங்ஙனம் நிறைவேற்றுவான்? அசையாது கிடந்தால் மருத்துவமனையை அடையமாட்டான். நடந்து சென்றால் நஞ்சைத் தானே பரப்பிக்கொள்வான். எவ்வளவு துணிவு இருந்தாலும், எவ்வளவு பயிற்சி இருந்தாலும், ஒருவன் ஒரே சமயத்தில் நோயாளியாகவும் அவனைச் சுமப்பவனாகவும் இருத்தல் இயலாது. கால் முறிந்தாலும், வழி தவறினாலும், நீரின்றி மயங்கினாலும் நிலை இதுவே. வேட்டை வெற்றி பெறும்வரை தனிமை போதுமானதாகத் தோன்றும். தவறு நேர்ந்த கணத்தில்தான் இரண்டாம் மனிதனின் விலை தெரியும்.

ஆனால் எவரும் துணையாகிவிட முடியாது. துணைக்குச் சில இலக்கணங்கள் உண்டு. புறப்படுமுன் யார் முன்னே செல்வது, யார் சொல்லுக்கு மற்றவர் கட்டுப்படுவது என்று முடிவு செய்யவேண்டும். ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. "வேண்டாம், திரும்புவோம்" என்று இருவரில் எவர் சொன்னாலும், அஃது அச்சம் என்று நகைக்காமல் திரும்பவேண்டும். ஒருவரை ஒருவர் வீரத்தில் மிஞ்ச நினைக்கும் இருவர், தனி ஒருவரைவிட விரைவில் ஆபத்தில் விழுவார்கள். தற்படம் எடுப்பதற்காகப் பாம்பின் அருகே நண்பனைத் தள்ளி நிறுத்துபவன் துணைவன் அல்லன்.

சில வேளைகளில் தனியே செல்வது தவிர்க்க முடியாததாகலாம். அப்போதும், எங்கே போகிறேன், எவ்வழியில் போகிறேன், எப்போது திரும்புவேன் என்பதை ஒருவரிடமேனும் சொல்லிச் செல்லவேண்டும். குறித்த நேரத்தில் வராவிட்டால் தேடிப் புறப்படும் அந்த ஒருவர், வீட்டிலேயே இருந்தாலும், உங்கள் துணைவரே ஆவார்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் எவரும் வேட்டைக்குச் செல்லப்போவதில்லை. ஆயினும் மலையேறச் செல்வீர்கள்; ஏரியில் நீந்தச் செல்வீர்கள்; மழைக்காலத்து இரவில் வீட்டுப் புறக்கடையில் ஒரு பாம்பைக் காண்பீர்கள். அப்போது, "எனக்குத் துணிவு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்வதற்குமுன், "எனக்கு ஏதேனும் நேர்ந்தால் இங்கே அடுத்ததைச் செய்ய யார் இருக்கிறார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாவிற்கு விடை கிடைக்காவிட்டால் இரண்டடி பின்னே நின்று, வனத்துறையையோ பெரியவர்களையோ அழையுங்கள்.

அன்று மோட்டார் அறையிலிருந்து துள்ளி வந்த அந்த மாணவர், வந்திருந்த இருவரும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர்களிடம், "அடுத்த முறை விளக்குப் பிடிக்க என்னையும் கூப்பிடுங்கள்" என்றார். கம்பு பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் பாடம் கற்றுக்கொண்டார் என்பதை நான் உணர்ந்தேன்.