பன்னிரண்டாம் விலக்கு

பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவார். சிலருக்கு வலிப்பே வரும். உயிர் போகவும் கூடும். வீட்டார் பதறிப்போய் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்சூரன்ஸ் கார்டை நீட்டுவார்கள். கேஷ்லெஸ் மறுப்பாக வரும் பதிலில் பெரும்பாலும் ஒரு குறியீடு இருக்கும்: 'எக்ஸ்க்ளூஷன் 12'.

இது அந்த நிறுவனம் தானாக எழுதிக்கொண்டதல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் வகுத்துக் கொடுத்த பொது விலக்குகளில் ஒன்று. குடி, போதைப்பொருள் என எந்த அடிமைப்பழக்கத்துக்கான சிகிச்சையும், 'அதன் விளைவுகளும்' பாலிசியில் சேராது என்கிறது. வம்பே அந்த 'விளைவுகள்' என்ற சொல்லில்தான். கல்லீரல் சுருங்கினாலும் கணையம் வீங்கினாலும் அதற்குள் இழுத்துப் போட்டுவிட முடியும்.

ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வேறு கதை சொல்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது பிரிவு 21(4). இதைப் பின்பற்றுமாறு 2018 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டதும் இதே ஆணையம்தான். மறுவருடமே பன்னிரண்டாம் விலக்கு! மனநோய்க்கான க்ளெய்மை மறுத்த ஒரு வழக்கில் 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பாலிசிதாரர் பக்கம் நின்றது. அது குடி தொடர்பான வழக்கல்ல. ஆனாலும் முறையீட்டில் பிரிவு 21(4)-ஐயும் அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே எழுதுங்கள். ஜெயிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது; கேட்காமல் விடுவதைவிட மேல்.

புதிய சிகிச்சைகளில் சிக்கல் இரட்டிப்பு. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், பியூப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளை வீட்டிலிருந்தபடி மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண பாலிசியோ 24 மணி நேரமாவது படுக்கையில் இருந்தால்தான் பணம் தரும். ஓ.பி. செலவுக்கான கூடுதல் பிரிவு இல்லையென்றால் அந்த மருந்துச் செலவு முழுக்க நம் தலையில். மண்டையோட்டின் மேல் காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டும் ஆர்.டி.எம்.எஸ். இப்போது பேசப்படுகிறது, புகைப்பழக்கத்திலிருந்து விடுவிக்க அமெரிக்கா 2020-ல் இதில் ஒரு வகைக்கு அனுமதி தந்தது. நவீன சிகிச்சைகள் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பட்டியலிட்ட 12-இல் மூளைக்குள் மின்முனை வைக்கும் முறை உண்டு, ஆர்.டி.எம்.எஸ். இல்லை. 'இன்சூரன்ஸ்ல பாத்துக்கலாம் சார்' என்று யாராவது சொன்னால், முன் அனுமதிக் கடிதம் கையில் வராமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரு முறை படியுங்கள். கணைய வீக்கத்துக்குப் பித்தப்பைக் கல் காரணமாக இருக்கலாம். ஆனால் அதில் 'குடிப்பழக்கம் உண்டு' என்ற ஒற்றை வரி இருந்தால் க்ளெய்மையே கவிழ்த்துவிடும். உண்மையான காரணத்தைத் தெளிவாக எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. பொய்யாக மாற்றச் சொல்வது தவறு. பாலிசி எடுக்கும்போது பழக்கத்தை மறைப்பதும் அப்படித்தான், பின்னால் அதுவே எமனாகும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். அவர் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் இலவச எண் 155255.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் போதை மறுவாழ்வுக்கு இடமில்லை. அதனால் காப்பீட்டை நம்பிக் காத்திராமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சென்னையென்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. யோசனை கேட்க 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல எண்ணும் உண்டு. தனியார் மையம்தான் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் ஆளையும் விடாதீர்கள், பணத்தையும் கட்டாதீர்கள்.