தாத்தாவின் வாட்ச்: அன்றும் இன்றும்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும், பொன்மலை ரயில்வே குடியிருப்புகளிலும் பல வீட்டுப் பீரோக்களில் ஒரு பழைய வாட்ச் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு மாமனார் போட்டது, அல்லது பணி ஓய்வின்போது வந்தது. வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா, ரோமர் என்று பெரும்பாலும் சுவிஸ் சரக்கு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. ஆலை தொடங்கிய பிறகு, ஜனதாவும் பைலட்டும் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

அன்று மதிப்புச் சொன்னவர், கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாட்ச் ரிப்பேர்க்காரர். சாவி கொடுத்துக் காதருகே வைப்பார், ஓட்டம் தெரிந்துவிடும். ‘17 கல்’ என்றால் கேட்டவர் முகம் மலரும். செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பேர்பெற்ற ஊரல்லவா திருச்சி! ஆனால் வாட்ச்சுக்குள் இருப்பதும் செயற்கை மாணிக்கம்தான். சக்கர அச்சுகள் தேயாமல் சுழல வைத்த கல். தனியே எடுத்தால் விலை இல்லை. தங்க வாட்ச் என்று பொத்திவைத்தவற்றில் பலவும் முலாம் பூசியவை. பின்மூடியில் ‘20 மைக்ரான்’ என்றிருந்தால் தங்கத்தின் கனம் அவ்வளவே.

இன்று பின்மூடியைத் திறந்ததும், பேலன்ஸ் வீல் அருகே பொறித்த எண்ணைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அது கிடைத்தால் மிஷின் எந்த வகை, எந்தக் காலத்தது என்று இணையம் சொல்லிவிடுகிறது. இந்தப் பழைய வாட்ச்சுகளில் பலவற்றுக்கும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு 5. ஒரு நாளில் எத்தனை வினாடி பிந்துகிறது என்பதைக் கைபேசிச் செயலி அந்தத் துடிப்பைக் கேட்டுச் சொல்கிறது. ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவேண்டிய நிலை போனது நல்லதுதான்.

தலைகீழாக மாறியது டயல் விஷயம். அன்று மங்கிய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது மரியாதையான வேலை, வீட்டாரும் மகிழ்ந்தார்கள். இன்று சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். எழுத்து தடித்திருந்தால், நிமிடக் கோடுகள் சீராக இல்லையென்றால், விலை இறங்கிவிடும். பழுப்பேறிய பழைய டயலுக்கே மதிப்பு.

1984-இல் தொடங்கிய டைட்டன், ஒசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்சுகளைப் பரவலாக்கியது. பேட்டரி மாற்றினால் போதும் என்றான பின், ஹேர்ஸ்பிரிங்கை நேராக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அந்த ரிப்பேர்க்காரர்களின் எழுத்து மட்டும் சில பின்மூடிகளின் உட்புறத்தில் மிஞ்சியிருக்கிறது. ஊசியால் கீறிய ஒரு தேதி, ஓர் இனிஷியல், அதன் கீழே சில ஆண்டுகள் கழித்து இன்னொரு தேதி. சர்வீஸ் செய்த நாட்கள் அவை. எந்த இணையத்திலும் கிடைக்காத சரித்திரம் என்று நான் அதைத்தான் மதிப்பேன்.

வீட்டில் அப்படியொன்று இருந்தால் ஆயில் சர்வீஸ் மட்டும் செய்யுங்கள். டயலில் கைவைக்க விடாதீர்கள். பின்மூடியைப் பாலிஷ் போட விடாதீர்கள். யார் கட்டியது, எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாட்ச்சோடு வையுங்கள்.